கருங்காலிப் பட்டியலில் முதல் பெயர்

உலகம் முழுவதற்குமான ஒரு வேலைநிறுத்தத்தை நான்தான் அறிவித்தேன். தூத்துக்குடி போல்பேட்டையில், லுங்கியோடு உட்கார்ந்து.

போனில் கப்பல் ஓட்டும் விளையாட்டு அது. சிங்கப்பூரில் இருந்தபோது முழு விலை கொடுத்து வாங்கினேன். ஊர் திரும்பி நாலு வருடமாகியும் விடவில்லை. முதலில் கம்பெனிக்காரன் பூட்டிய பெட்டி விற்றான். உள்ளே என்ன என்று வாங்கித் திறந்தால்தான் தெரியும். திறந்தால் கயிறு. பொறுத்துக்கொண்டோம். இப்போது புது அறிவிப்பு: நவம்பர் மூன்றாம் தேதிக்குள் காசு கட்டி சீசன் பாஸ் எடுக்காதவர்களின் பழைய கப்பல்கள் அழிக்கப்படும். சொந்தக் கப்பலுக்கே வாடகை!

விளையாடுகிறவர்கள் கொதித்தார்கள். ஜெர்மன்காரன் புள்ளிவிவரத்தோடு கொதித்தான். பிரேசில்காரன் கெட்ட வார்த்தையோடு கொதித்தான். என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். போராட்டம் எனக்குப் பரம்பரைச் சொத்து. இணையக் குழுவில் ஆங்கிலத்தில் எழுதினேன்: "கொதித்தால் போதாது. ஒன்றாம் தேதி முதல் ஏழு நாள் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. போகிற கருங்காலிகளின் பெயரைப் பட்டியல் போட்டு வெளியிட வேண்டும்." நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். என் வீட்டில் இதுவரை ஒருவர்கூடத் தட்டியதில்லை.

என்னை எனக்குத் தெரியும். அதனால் போனை மனைவி செல்வராணியிடம் ஒப்படைத்தேன்.

"ஏளா, விளையாட்டோட பாஸ்வேர்ட நீயே மாத்தி வச்சுக்க. நான் அழுதாலும் சொல்லாத."

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

"சத்தியமா."

"அப்போ பெனிஸ்டன்?"

பெனிஸ்டன் என் நண்பன். மணப்பாட்டுக்காரன், கப்பலில் வேலை. விளையாட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே கப்பல். மூன்று வருடத்துக்கு முன் நிஜக் கப்பலிலிருந்து நிஜக் கடலில் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. விளையாட்டில் மட்டும் அவன் உருவம் மேல்தளத்துக் கம்பியில் சாய்ந்து நிற்கிறது. உள்ளே வராதவர்களை அந்த விளையாட்டு அப்படித்தான் நிறுத்தி வைக்கும்.

"கப்பல அழிச்சா அவரும்லா போயிருவாரு?"

"அழிக்க மாட்டான். பயந்துருவான்."

"பயப்படலன்னா?"

"போராட்டம்னா நாலு இழப்பு இருக்கத்தான் செய்யும்."

சொன்னபிறகு வாய் கசந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். செல்வராணி பேசாமல் போனால் பயப்பட வேண்டும் என்பது இருபத்திரண்டு வருடப் பாடம். அன்று மறந்துவிட்டது.

மூன்றாம் தேதி கெடு முடிந்தது. கம்பெனிக்காரன் பயப்படவில்லை. விளையாட்டிலும் பெனிஸ்டன் இப்போது இல்லை என்று நினைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன். தட்டைத் தள்ளிவைத்தேன். மறுநாள் கணினியைத் திறந்தால் பட்டியல் வந்திருந்தது. முதல் பெயர், தூத்துக்குடி முத்துச்செல்வம். நான்! பிரேசில்காரன் என் தாயாரை விசாரித்திருந்தான்.

"ஏளா! உள்ள போனியா?"

"போனேன்."

"பாஸ் எடுத்தியா?"

"ஒரு வருசத்துக்கு."

"உலகமே என்னயக் கருங்காலிங்குது!"

"ரெண்டாந்தேதி என்ன நாளு, சொல்லுங்க பாப்போம்."

விழித்தேன்.

"கல்லறைத் திருநாளு. மணப்பாடே பூவும் மெழுகுதிரியுமாக் கல்லறைக்குப் போவுது. பெனிஸ்டன் அம்மா ஞானபாய்க்குப் போய் நிக்க ஒரு குழி உண்டா? ரெண்டு வருசமா அன்னைக்கு உங்க போனத்தான் அங்கன கொண்டு போறேன். மேசையில நிறுத்தி, முன்னால திரி கொளுத்தி, மவன் நிக்கதப் பாத்துக்கிட்டே செபம் சொல்லுவாவ. நீங்க சாயந்திரம், சார்ஜ் எங்க போச்சுன்னு என்னய ஏசுவிய."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா, இழப்பு இருக்கத்தான் செய்யும்பிய. உங்க கோவத்துக்கு அவர ரெண்டாந்தடவயும் கடல்ல தள்ளணுமாக்கும்?"

மெதுவாகக் கேட்டேன். "இப்ப நிக்கானா?"

போனை நீட்டினாள். நின்றான். தலைக்கு மேலே, முன்பு இல்லாத ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இது ஏதுளா?"

"மவன் இருட்டுல நிக்கானேன்னு அம்மா அழுதாவ. கம்பெனியப் பாராட்டி அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதுனா விளக்கு சும்மா குடுப்பானாம். உங்க பேருலதான் எழுதுனேன். போட்டோவும் கேட்டான், கல்யாணத்துல மாலையோட சிரிச்சுக்கிட்டு நிப்பியள்லா, அதப் போட்டுவிட்டேன்."