கெயின் முழுசு, மிடில் பூஜ்யம்

அபார்ட்மென்டில் குடியிருந்துகொண்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர்கள் உண்மையில் கிட்டார் வாசிப்பதில்லை. குமிழ் திருகுகிறார்கள். கிடைக்கிற நேரத்தில் முக்கால்வாசியை ஆம்ப்ளிஃபயர் முன்னால் குந்தி உட்கார்ந்து, இந்தக் குமிழை எள்ளளவு அந்தப் பக்கம், அந்தக் குமிழை நெல்லளவு இந்தப் பக்கம் என்று திருகியே தீர்ப்பார்கள். மிச்சமிருக்கும் நேரத்தில் ஒரே ஒரு முறை கம்பிகளை மீட்டிவிட்டு, "ஆஹா, என்ன டோன்!" என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்வார்கள். நான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவனாகவே இருந்தேன்.

அப்போது திருவேற்காட்டில் இரண்டாவது மாடி ஃப்ளாட்டில் அப்பா அம்மாவோடு இருந்தேன். ஐ.டி. கம்பெனியில் வேலை. சனி, ஞாயிறுகளில் குமணன்சாவடியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலிருந்த அறையில் எங்கள் இசைக்குழு கூடும். டிரம்ஸ் ஜெகன், கிட்டார் நான், பாட்டு செல்வி. (இசைக்குழு என்று நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம். டைல்ஸ் கடைக்காரர் வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.)

செல்வியும் நானும் காதலித்தோம். அவளுடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸில் குடும்பம். செல்வி வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தபோது அவர் சரி என்றும் சொல்லவில்லை, கிடையாது என்றும் சொல்லவில்லை.

"நான் ரிட்டயர் ஆகுததுக்கு குவார்ட்டர்ஸ் ஹால்ல பங்ஷன் வச்சிருக்காவ. அந்தத் தம்பிய வந்து வாசிக்கச் சொல்லு. ஆளு எப்படின்னு பாப்போம்" என்றாராம்.

ஆக, எனக்குப் பெண் பார்க்கும் படலம். (பொண்ணுக்குப் பாடத் தெரியுமா, ஆடத் தெரியுமா என்று காலங்காலமாகக் கேட்டவர்களின் பாவமெல்லாம் மொத்தமாக என் தலையில் வந்து இறங்கியது.)

அந்தச் சமயத்தில்தான் அம்பத்தூரில் ஒரு கிட்டார்காரரிடமிருந்து பழைய டியூப் ஆம்ப் ஒன்றை வாங்கியிருந்தேன். உள்ளே டிரான்சிஸ்டர் கிடையாது, கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் பேசிவிடாது. வால்வுகள் நிதானமாகச் சூடேறி, பின்பக்கம் மெல்லிய செம்மஞ்சள் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் வாய் திறக்கும். திறந்தால் அப்படியொரு குரல். கம்பியை விரலால் சும்மா தொட்டாலே உறுமும். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான பொருளை நான் பார்த்ததில்லை. (செல்வியை நான் பொருள் கணக்கில் சேர்க்கவில்லை.)

அதில் கெயின் என்றொரு குமிழ். அதைக் கூட்டக் கூட்டச் சத்தத்தில் கரகரப்பு ஏறும். பிறகு அடிச்சத்தத்துக்கு பேஸ், நடுச்சத்தத்துக்கு மிடில், உச்சிச்சத்தத்துக்கு ட்ரெபிள். கடைசியாக, மொத்தச் சத்தத்துக்கு மாஸ்டர். கீழ் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பவர் என்பதால் மாஸ்டரைக் கொசு ரீங்காரத்துக்கு மேல் ஏற்ற முடியாது. அந்தக் கொசுச் சத்தத்தில் உட்கார்ந்து நாள்கணக்காகத் திருகி, உலகமகா டோன் ஒன்றைக் கண்டுபிடித்தேன். கெயின் முழுசு. பேஸ் முழுசு. ட்ரெபிள் முழுசு. மிடில் பூஜ்யம்.

கொசு அளவில் கேட்க அது அமிர்தமாக இருந்தது. எங்கோ மலைக்குப் பின்னால் இடி உருள்வது மாதிரி. எனக்கே புல்லரித்தது. இந்த அளவுகள் மறந்துவிடக்கூடாதே என்று ஒவ்வொரு குமிழும் நிற்க வேண்டிய இடத்தில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா, அதுக்கு எப்ப வளைகாப்பு?" என்றாள்.

புது ஆம்ப் வந்த சங்கதியை ஜெகனிடமும் செல்வியிடமும் சொல்லவில்லை. விழா மேடையில் அசத்த வேண்டும் என்று திட்டம். தனியாக ஒருவன் திட்டம் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அது.

விழாவன்று மதியமே ஆட்டோ பிடித்தேன். டிரைவர் ஆம்பைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இன்னா சார், ஃபிரிட்ஜா?"

"ஆம்ப்ளிஃபயர்ணே. உள்ள கண்ணாடி இருக்கு, கொஞ்சம் பாத்துப் போங்க."

"கண்ணாடி கீதுன்னா மடியில வச்சிக்கோ சார். ரோடு இன்னா, நான் போட்டதா?"

மடியில் வைத்துக்கொண்டேன். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் எனக்கு இடுப்புக்குக் கீழே கால் என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை.

ஹாலில் பலகை அடித்த மேடை. முன்வரிசை முழுக்க செல்வி அப்பாவின் தொழிற்சாலைச் சகாக்கள்: ஃபிட்டர், டர்னர், வெல்டர், எலெக்ட்ரீஷியன். காலமெல்லாம் மெஷின்களோடு வாழ்ந்தவர்கள். நடுவில் மாலையும் சால்வையுமாக அவர். முகத்தில் சிரிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. அவருக்குப் பிடித்த பழைய மெலடி ஒன்றை செல்வி பாட வேண்டும். நடுவில் வயலின்கள் வரும் இடத்தை நான் கிட்டாரில் வாசிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஆம்பை மேடைப் பலகையிலேயே வைத்தேன். குமிழ்களைப் பொட்டுக்கு நேராகத் திருப்பினேன். ஹால் பெரியது என்பதால் மாஸ்டரை மட்டும் தாராளமாக ஏற்றினேன். பிறகு ஆம்புக்கு நேர் எதிரில் வீரன் போல் நின்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. நான் இன்னும் கம்பியைத் தொடவே இல்லை, அதற்குள் அடியில் "ஊம்ம்ம்" என்று பலகை அதிர்ந்தது, மேலே "கீஈஈ" என்று எதுவோ கத்தியது. என் இடம் வந்ததும் கண்ணை மூடி உருகி வாசித்தேன். அடிச்சத்தம் கேட்டது, உச்சிச்சத்தம் கேட்டது, நடுவில் இருக்க வேண்டிய மெட்டை மட்டும் காணோம். சத்தம் போதவில்லை என்று நினைத்து மாஸ்டரை இன்னும் ஏற்றினேன். (புத்திசாலி!)

எனக்குத் தெரியாமல் கீழே நடந்தது பிறகு ஜெகன் சொல்லித்தான் தெரியும். முதலில் எழுந்தவர் செல்வியின் அப்பாதான்.

"எங்கயோ பேரிங் போயிட்டு வே!" என்றாராம்.

அவ்வளவுதான். ஒரு பழுது இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்களா? முன்வரிசை மொத்தமும் எழுந்தது. "ஃபேன்தான், அந்த மூல ஃபேன நிறுத்து!" என்றார் ஒருவர். நிறுத்தினார்கள். எல்லோரும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். "இது இல்லப்பா, அடுத்தத நிறுத்து." ஒருவர் ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினார். ஒருவர் சுவரில் காதை வைத்தார். வெள்ளை வேட்டியோடு ஒருவர் டார்ச் எடுத்துக்கொண்டு மேடைக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டார். விழாவுக்கு வந்தவர்கள் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. அந்த ஈடுபாட்டை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

நானோ அரைக்கண்ணைத் திறந்து பார்த்து, எல்லோரும் எழுந்து நிற்கிறார்களே, ரசிக்கிறார்கள் என்று முடிவு செய்து இன்னும் உருகினேன். திடீரென்று நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஹாலில் ஒரு ஃபேன்கூடச் சுற்றவில்லை. எல்லா ஃபேனும் நின்ற பிறகும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. மொத்தக் கூட்டமும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

என் கல்யாணம் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன்.

செல்வி பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். கோபப்படவில்லை. சன்னமாகக் கேட்டாள்: "இவ்ளோ சத்தத்துல நீ எங்கடா இருக்க?"

அவள் ஆம்ப் முன்னால் குனிந்து கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். கீச்சுச் சத்தம் பட்டென்று நின்றது. ஆம்பின் சத்தமே திரும்பக் கிட்டாருக்குள் புகுந்து கத்தாதபடி, என் தோளைப் பிடித்து ஆம்புக்கு நேரே இல்லாமல் தள்ளி நிறுத்தினாள். "ஜெகன், ஒரு இரும்புச் சேர் கொண்டா" என்றாள். இருவரும் ஆம்பைத் தூக்கி அதன்மேல் வைத்ததும் பலகையின் அதிர்வும் அடங்கியது. பிறகு பேஸைக் குறைத்தாள். மிடில் குமிழில் கை வைத்தாள்.

"செல்வி, அந்தப் பொட்டு..."

"பொட்டப் பாக்காத, பாட்டக் கேளு. தனியா வாசிச்சுப் பாக்காத, நாங்க பண்றப்பவே வாசி."

ஜெகன் மெல்லத் தட்ட, அவள் முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஒவ்வொரு குமிழாகத் திருகினாள். ஒன்றைத் தொட்டால் உடனே அடுத்ததைத் தொடவில்லை. கேட்டாள், பிறகுதான் அடுத்தது. மிடில் ஏற ஏற, கிணற்றுக்குள் விழுந்தவனைக் கயிறு கட்டித் தூக்குவது மாதிரி என் கிட்டார் மேலே வந்தது. அவள் குரலுக்குப் பக்கத்தில் வந்து, அதை இடிக்காமல் நின்றது. கரகரப்பு இருந்தது, ஆனால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் கேட்டது. நான் நாள்கணக்கில் தேடியதை அவள் ஒரு பாட்டின் பல்லவிக்குள் கண்டுபிடித்துவிட்டாள். அவமானத்தில் நின்ற எனக்கு அந்த நிமிடம் பொறாமைகூட வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. எப்பேர்ப்பட்ட காது! எப்பேர்ப்பட்ட ஆம்ப்!

ஃபேன்கள் ஓட ஆரம்பித்தன. மேடைக்கு அடியிலிருந்தவரும் வெளியே வந்தார். பாட்டை முதலிலிருந்து வாசித்தோம். வயலின் இடம் வந்தபோது செல்வியின் அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஆனால் முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். சாம்பார் சாதத்தை முடித்தார். ரசம் வந்ததும் ஆரம்பித்தார்.

"தம்பி, மெஷினு நல்ல மெஷினுதான். ஓட்டுதவருக்குத்தான் ஓட்டத் தெரியல."

நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா அவ வந்து அத்தன பேரு முன்னால திருகுனாள்லா, நீங்க தடுக்கல. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடவும் இல்ல. எங்க பாக்டரி ஷாப்புல ஒருத்தன் மெஷின்ல இன்னொருத்தன் கை வச்சிட்டா அன்னைக்கு வேல நடக்காது, சண்டதான் நடக்கும். எம்புள்ள சொன்னா கேக்குத ஆளா இருக்கீக. அது போதும். வீட்டுப் பெரியவங்கள ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

(ஆட்டோவில் மரத்த கால், பயத்தில் வறண்ட நாக்கு. தடுக்கவேண்டும் என்றாலும் என்னால் முடிந்திருக்காது. இதை நான் அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.)

அந்த ஆம்ப் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. துடைப்பது நான், குமிழ்களைத் தொடுவது செல்வி. மாமனார் வந்திருக்கும்போது விருந்தாளி யாராவது "இது என்னங்க பெட்டி?" என்று கேட்டுவிட்டால் போதும், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

"அன்னைக்கு ஹால்ல உள்ள ஃபேன் பூராத்தையும் நிறுத்திட்டோம். ஜெனரேட்டரப் பாத்தாச்சு, மேடைக்கு அடியில பாத்தாச்சு, சத்தம் நிக்கல. பொறவு நல்லா உத்துப் பாத்தா, கோளாறு நம்ம மாப்ள!"