எங்கள் ஊர் வாய்க்காலில் இறங்கிய பூநாரை

விலங்கியல் படித்தவர்கள் எல்லோரும் ரெக்கார்டு நோட்டில் ஒரு தடவையாவது பொய் எழுதியவர்கள்தாம். இல்லை என்று சொல்பவர்கள் இப்போதும் பொய் சொல்கிறார்கள். நான் பதினொரு நாள் எழுதினேன். மற்றவர்களுடைய பொய் ஆசிரியரின் மேசையோடு முடிந்துபோனது. என்னுடையது தாசில்தார் வரைக்கும் போனது.

மன்னார்குடியில் கல்லூரி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். தாவணி, இரட்டைச் சடை, ஊரிலேயே முதல் காலேஜ் பெண் என்ற திமிர். (திமிரை நான் சொல்லவில்லை. அம்மா சொன்னது.) எங்கள் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். ஐப்பசி மாதம் முழுக்க அவரவர் ஊரில் பார்க்கும் பறவை, அந்துப்பூச்சி, தும்பி, வண்டு எல்லாவற்றையும் தினமும் எழுத வேண்டும். "சும்மா பேரை எழுதிட்டு வந்து நிக்காதீங்க. எந்த எடம், என்ன நேரம், யார் வயல், என்ன பயிர், அங்க யார் என்ன வேலை பண்ணிக்கிட்டிருந்தாங்க, அத்தனையும் வேணும்" என்றார். அந்தக் கடைசிக் கட்டத்துக்காக அவரை நான் அன்றைக்கு எவ்வளவு திட்டினேன்! இன்றைக்கு அவர் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிடுகிறேன்.

முதல் ஒன்பது நாள் நான் உத்தமி. காலையில் நோட்டும் பென்சிலுமாக வரப்பில் நடப்பேன். பொழுது சாய்ந்ததும் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொல்லையில் கொடியில் விரித்துக் கட்டி, பின்னால் அரிக்கேன் விளக்கை வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். "பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கிட்டுப் போற வேட்டியிலயா பூச்சி புடிப்பே?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பா ஊர் ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியர். "படிக்கிற புள்ளைய ஏன்டி வையிறே?" என்று பூச்சிப் புழுக்கை அப்பிய வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு போவார். அப்படி ஒரு அப்பா.

அது ஊரே சந்தேகக் கண்ணோடு திரிந்த காலம். டீக்கடைக்கு இந்தப் பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, அந்தப் பக்கம் செங்கொடி. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்த புதிது. நோட்டோடு வரப்பில் எவர் நடந்தாலும், நடவு நட்டுக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "என்ன பாப்பா எழுதுறே?" என்பார்கள். "மடையான் நாலு" என்று வயல் கொக்குகளைக் காட்டுவேன். "மடையானுக்குமா சட்டம் வந்திருக்கு?" என்று சிரிப்பார்கள்.

ஒன்பதாம் நாள் முருகையன் வயலில் தளடி நடவு, குறுவை அறுத்த பின் வைக்கிற இரண்டாம் போகம். முருகையன் மிராசுதாரிடம் மூன்று மா நிலத்தை, ஒரு ஏக்கர் இருக்கும், வாய்ப்பேச்சாகக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தவர். அவர் மனைவி தையல்நாயகி அக்கா நடவாட்களோடு நின்றுகொண்டிருந்தது. நாற்றுமுடி மேல் குருத்துப்பூச்சிகள், மஞ்சள் நிறம், ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் பொட்டு. ஏழு எண்ணிவிட்டேன். எட்டாவதைக் கையில் பிடித்துப் பார்த்துவிடுவது என்று எட்டினேன் பாருங்கள், கால் வழுக்கி, நடுவதற்கு அடுக்கி வைத்திருந்த நாற்று மேலேயே குப்புற விழுந்தேன். தாவணி, சடை, நோட்டு எல்லாம் சேறு. எழுந்திருக்கப் போய் மறுபடியும் விழுந்து, மிச்சமிருந்த நாற்றுமுடிகளையும் மிதித்துத் தீர்த்தேன்.

"அடிப் பாவி! எந் நாத்தைப் பாழாக்கிட்டியேடி! இனி நாத்துக்கு நான் எங்கடி போவேன்?" தையல்நாயகி அக்கா போட்ட சத்தத்தில் மடையான் நாலும் பறந்துவிட்டது. திட்டி முடித்துவிட்டு, அதுவே என்னை வாய்க்காலுக்கு இழுத்துக்கொண்டு போய் முகத்தைக் கழுவிவிட்டு, தன் தூக்குச்சட்டியில் இருந்த நீராகாரத்தைக் குடிக்கக் கொடுத்தது. நான் அழுதுகொண்டே குடித்துவிட்டு, அழுதுகொண்டே 'குருத்துப்பூச்சி ஏழு' என்று எழுதினேன்.

அதற்கப்புறம் எனக்கு வயல் ஆசை விட்டுப்போச்சு. மழையும் பிடித்துக்கொண்டது. தீபாவளி வந்தது. முறுக்கு இருந்தது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, கல்லூரி நூலகப் புத்தகத்தைப் பார்த்து பதினொரு நாள் கணக்கை ஒரே மூச்சில் எழுதித் தள்ளினேன். கை வந்த வேகத்தில், வடக்குத் தெரு வாய்க்காலில் ஒரு பூநாரையையும் இறக்கிவிட்டேன். (கோடியக்கரைக்குப் போகிற ஆளுயரப் பறவை. வழியில் எங்கள் ஊரில் இறங்கி இளைப்பாறக் கூடாதா?) மழை விட்டதும் மிச்ச நாள்களுக்கு மறுபடி உத்தமியானேன். பேராசிரியர் 'மிக நன்று' என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். அப்பா அந்த நோட்டைப் பள்ளிக்கூடத்துக்கே எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

மாசியில் தளடி பழுத்து நின்றபோது மிராசுதார் தரப்பு, முருகையன் குத்தகைதாரரே இல்லை, கூலிக்கு வேலை செய்த பண்ணையாள்தான், அந்த நடவே பண்ணை நட்டது என்று சொல்லிவிட்டது. முருகையனிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அறுவடைக்குப் பத்து நாள் இருந்தது. விசாரணையில் தோற்றால் விளைந்த நெல்லும் போச்சு, நிலமும் போச்சு.

தையல்நாயகி அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. "வாத்தியாரய்யா, நாங்க நட்டதைப் பாத்தது ஒங்க பொண்ணுதாங்க. நோட்டுல எழுதிச்சுங்க. அந்த நோட்டை விட்டா எங்களுக்கு வேற நாதி இல்லீங்க."

"எம் பொண்ணு எழுதுனா அச்சு அடிச்ச மாதிரி இருக்கும். ஒரு எழுத்து பொய் இருக்காது. தைரியமா போ தாயி" என்றார் அப்பா. எனக்குள் ஒரு பூநாரை சிறகடித்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து கொடுத்தேன்.

விசாரணை அப்பாவின் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. ஊர் முழுக்க ஜன்னலில் தொங்கியது. தாசில்தார் மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத மனிதர். நோட்டைப் புரட்டிவிட்டு, எதிர்த் தரப்பும் பார்க்கட்டும் என்று மிராசுதாரின் காரியஸ்தர் ரெங்கசாமியிடம் கொடுத்தார். அவர் பொடியை உறிஞ்சிவிட்டு நிதானமாகப் படித்தார்.

"ஐயா, ஐப்பசி பதினெட்டு. அன்னைக்குப் புயல். ஊரே இந்தப் பள்ளிக்கூடத்துலதான் அடைஞ்சு கெடந்துச்சு. இந்தப் பொண்ணு அதோ அந்த மூலையில ஒக்காந்து கஞ்சி குடிச்சுச்சு. ரெண்டாவது தடவையும் வாங்கிக் குடிச்சுச்சு. நோட்டுல என்ன எழுதியிருக்கு? வாய்க்கால்கரையில வண்ணத்துப்பூச்சி பதினாறு!"

ஜன்னல்கள் சிரித்தன.

"இன்னும் கேளுங்க. வடக்குத் தெரு வாய்க்கால்ல பூநாரை ஒண்ணு. ஏம்மா, அந்த வாய்க்கால்ல எருமை எறங்கவே எடம் பத்தாது. பூநாரை எங்க நின்னுச்சு, எருமை மேலயா?"

தாசில்தாரே உதட்டைக் கடித்துக்கொண்டார். "சொல்லும்மா. பாத்தியா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பின்னால் தையல்நாயகி அக்கா இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு எவளால் பொய் சொல்ல முடியும்?

"பாக்கலை சார். பதினொரு நாள் பொய் சார். வீட்டுல ஒக்காந்து முறுக்கு தின்னுக்கிட்டு எழுதுனேன் சார். ஆனா மத்ததெல்லாம் நெசம் சார்!" என்று ஓவென்று அழுதுவிட்டேன். முறுக்கைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. யாரும் கேட்கவில்லை.

"எது பொய், எது நெசம்னு நான் எப்படிம்மா தெரிஞ்சுக்குறது?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டை வாங்கிக் காட்டினேன். பொய்ப் பக்கங்கள் வெள்ளை வெளேர் என்று, ஒரே நீல மையில், கோடு தப்பாமல் இருந்தன. நிஜப் பக்கங்கள் பென்சில் கிறுக்கல், விளக்கு எண்ணெய், வியர்வை. ஐப்பசி ஒன்பது முழுக்கக் காய்ந்த சேறு. அதில் என் ஐந்து விரலும் பதிந்திருந்தது. 'முருகையன் வயல். தளடி நடவு. தையல்நாயகியும் ஆட்களும். மடையான் 4, குருத்துப்பூச்சி 7.'

காரியஸ்தர் துள்ளி எழுந்தார். என்னை ஒரேயடியாக ஒழித்துக்கட்டிவிடலாம் என்ற ஆர்வம் அவருக்கு.

"அந்தச் சேத்து லெட்சணத்தை நான் சொல்றேன் ஐயா! பூச்சி புடிக்கிறேன்னு நாத்து மேல விழுந்து அத்தனையையும் நாசம் பண்ணுச்சு. எந் நாத்தைப் பாழாக்கிட்டியேன்னு முருகையன் பொண்டாட்டி போட்ட சத்தம் வாய்க்காலுக்கு அந்தாண்ட நின்ன எனக்கே காதை அடைச்சுது. வரப்புல ஒழுங்கா நடக்கத் தெரியாத பொண்ணு, இதெல்லாம் ஒரு சாட்சியா?"

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்களும் அங்க இருந்தீங்களா?"

"ஆமாங்க, என் கண்ணால பாத்தேன்."

"எந் நாத்துன்னு அந்தம்மா கத்துனாங்க?"

"ஊருக்கே கேட்டுச்சுங்களே!"

"பண்ணை நாத்தா இருந்தா நீங்கதானே கத்தியிருக்கணும்? ஏன் சும்மா நின்னீங்க?"

காரியஸ்தர் பொடி டப்பாவைத் தேடினார். ஜன்னல்களில் சிரிப்பு கிளம்பி, கைதட்டலாகி, பள்ளிக்கூட ஓடு அதிர்ந்தது. முருகையன் பெயர் பதிவானது. அறுவடை நாளில் அவரே தன் வயலில் முதல் அரிவாளை வைத்தார்.

அப்பா என்னை மூன்றாம் நாள் பஸ் ஏற்றிப் பேராசிரியரிடம் கூட்டிக்கொண்டு போய், "நீயே சொல்லு" என்றார். சொன்னேன். பேராசிரியர் அந்த 'மிக நன்று' இனிச் செல்லாது என்றுவிட்டு, அடுத்த ஐப்பசியில் முழுசாக மறுபடி எழுதச் சொன்னார். எழுதினேன். மழையில் தையல்நாயகி அக்கா தன் சாக்குக் கொங்காணியை எனக்குப் போட்டுவிட்டு, தான் நனைந்துகொண்டு வழி காட்டியது. நான் பிறகு முப்பது வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டேன் என்றால், அது அந்த இரண்டாவது ஐப்பசி போட்ட சோறு. அதை எனக்குப் போட்டவர்களில் காரியஸ்தர் ரெங்கசாமியும் ஒருவர். அவர் அன்று பூநாரையைப் பிடிக்காமல் விட்டிருந்தால் நான் இன்னும் எத்தனை பறவைகளை இறக்கியிருப்பேனோ, தெரியாது.

எங்கள் வீட்டில் இன்றுவரை யார் ரொம்பச் சுத்தமாக ஒரு கதை சொன்னாலும், "சேறு எங்க?" என்று கேட்பது வழக்கம். கல்யாணமான புதிதில், ஆபீஸில் வேலை அதிகம் என்று தாமதமாக வந்த என் கணவரிடம் அப்பா அதைக் கேட்டுவிட்டார். மனிதர் பாவம், செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

போன தையில் தையல்நாயகி அக்காவைப் பார்க்கப் போனேன். முருகையன் இல்லை. பேரன் பயிர் வைக்கிறான். அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து, நிலத்துக் காகிதங்களுக்கு நடுவே இருந்து என் நோட்டை எடுத்துக் காட்டியது. விசாரணை முடிந்த அன்றைக்குத் தாசில்தார் திருப்பிக் கொடுத்ததைக் கையில் வாங்கியது அது. அப்புறம் விடவேயில்லை.

"அக்கா, இனிமேலாவது என் நோட்டைக் குடேன்" என்றேன்.

"ஒங்கிட்ட குடுத்தா பூச்சி அரிச்சுப்புடும்" என்று பெட்டியைப் பூட்டிவிட்டு, தட்டில் புது அரிசிச் சோற்றைப் போட்டது. "மொதல்ல தின்னு. எந் நாத்துக்கு நீ இன்னும் பதில் சொல்லலை."

தின்றேன். அந்த மூன்று மாவில் விளைந்த சோறு.