இன்குபேட்டரைத் துடைத்த கதை

சுத்தக்காரன் என்று பெயரெடுத்த ஆளை எங்கேயும் தனியாக விடக்கூடாது. என்னைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

இராஜபாளையத்தில் மருத்துவக் கட்டுத்துணி செய்யும் ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஈரம் பட்டால் பூஞ்சை என்று மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்புவேன். (வீட்டில் காய்ந்த பனியனையும் முகர்ந்து பார்த்தே போடுவேன்.)

மகள் செல்வி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தாள். ஸ்டெம் செல்லிலிருந்து நரம்புச் செல்களை வளர்த்து, சர்க்கரை ஏறினால் அவை எப்படிக் கெடுகின்றன என்று பார்ப்பது அவள் ஆய்வு. சர்க்கரை நோயால் மரத்துப்போன என் பாதங்கள்தான் அதற்குத் தூண்டுதல். புதன்கிழமை தேர்வாளர் வந்து செல்களைப் பார்ப்பதாக இருந்தது.

ஞாயிறன்று செல்களுக்கு உணவு மாற்ற அவளைக் கல்லூரி ஆய்வகத்துக்கு வண்டியில் கூட்டிப்போனேன். மாற்றி முடித்து, செல் தட்டுகளை, இளஞ்சூட்டில் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள் வைத்தாள்.

"எதையும் தொடாதீயப்பா, செத்த நேரத்துல வாரேன்" என்று ஆய்வகத்தைப் பூட்டச் சாவிக்காரரைத் தேடிப் போனாள்.

உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி உட்கார முடியவில்லை. இன்குபேட்டரைத் திறந்தேன். அடியில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர்! பையிலிருந்த ஆலைத் துணியால் சொட்டுவிடாமல் ஒற்றி எடுத்து, முன்போலவே மூடிவைத்தேன்.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பெருமை தாங்கவில்லை.

"ஏட்டி, அந்தப் பொட்டிக்குள்ள எம்புட்டுத் தண்ணி! சுத்தமாத் தொடச்சிட்டேன்."

"ஐயோ, அது நான் ஊத்துன தண்ணிப்பா! அந்த ஈரம் இல்லைன்னா செல்லு காஞ்சு செத்துரும். எதை வச்சுத் தொடச்சீய?"

"நம்ம ஆலைத் துணிதான். கிருமியே கிடையாது."

"உறையப் பிரிச்சுப் பைக்குள்ள வச்ச பொறவுமா?"

என் பையிலிருந்து அதை உருவி முகர்ந்தாள். முகம் மாறியது.

"அப்பா, இதுல பால்கோவா வாசம் அடிக்கி."

(காலையில் பெட்ரோல் போடப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய்த் தின்றது. விரல் துடைக்க வேறு துணி இல்லை.)

பக்கத்து பைக்கில் இருந்தவர் சிரித்தார். கேட் திறக்கக் காத்திராமல் வண்டியைத் திருப்பினேன். ஆய்வகத்தில் அவள் அந்த அடித்தட்டில் புதுத் தண்ணீர் ஊற்றினாள்.

புதன்கிழமை தேர்வாளர் நுண்ணோக்கியில் கண்டது பூஞ்சை. எங்கள் தறிகூட அவ்வளவு நெருக்கமாக நெய்யாது. எப்படி வந்தது என்று கேட்டாராம். செல்வி மறைக்கவில்லை: "எங்க அப்பா, சார்."

அவர் சிரித்துவிட்டு அவகாசம் கொடுத்தார். அவள் முதலிலிருந்து வளர்த்துத் தேறினாள். இன்றும் வீட்டில் தண்ணீர் சிந்தினால், "யாரும் தொடாதீய, அப்பா இருக்காவ" என்பாள்.

வீட்டில் முகர்ந்து பார்க்கும் வேலை இப்போது என்னிடம் இல்லை. தினமும் சாயங்காலம் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் மனைவி கையை நீட்டுவாள்.

"கைக்குட்டைய எடுங்க."