வீடு பார்க்க வந்தவர்கள் கேட்ட விளம்பரம்

பாட்டுதான் என் உயிர் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பெரும்பாலானோர் அதற்காக ஒரு பைசாகூடச் செலவழிக்க மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கைப்பேசியில் ஒரு பாட்டுச் செயலி இருந்தது. மாதாமாதம் பணம் கட்டினால் விளம்பரம் இல்லாமல் பாடும். கட்டாவிட்டாலும் பாடும், ஆனால் நம்மைப் பாடாய்ப் படுத்திவிட்டுத்தான் பாடும். ஆறு வருடம் நான் பாடாய்ப் பட்டுக்கொண்டே கேட்டேன்.

ஓசியில் கேட்கிறவனை அந்தச் செயலி நடத்துகிற விதம் இருக்கிறதே, கல்யாணப் பந்தியில் அழைக்காமல் வந்து உட்கார்ந்தவனைக்கூட யாரும் அப்படி நடத்த மாட்டார்கள். நாம் கேட்ட பாட்டைப் போடாது, அதற்குத் தோன்றியதைப் போடும். பிடிக்கவில்லை என்று தாண்டினால், ஒரு மணி நேரத்துக்கு இத்தனை தடவைதான் தாண்டலாம் என்று கையைக் கட்டிவிடும். இரண்டு மூன்று பாட்டுக்கு ஒரு தடவை விளம்பரம் வரும், அதுவும் பாட்டைவிடச் சத்தமாக. ஒலியை அடியோடு குறைத்தால் விளம்பரம் அப்படியே நின்றுகொள்ளும். ஓடிவிட்டது என்று நினைத்து ஒலியைக் கூட்டினால், விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்தக் கடைசிக் குணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது அதுதான்.

எங்கள் வீடு பீளமேட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஒட்டினாற்போல ஒரு லேத் பட்டறை. காலை எட்டு மணிக்குப் பம்புக்கான இரும்புத் தண்டுகளைக் கடைய ஆரம்பித்தார்கள் என்றால் மாலைவரை கிர்ரென்ற அந்தச் சத்தம் ஓயாது. எங்களுக்குப் பழகிவிட்டது. (தொலைக்காட்சித் தொடரில் என்ன பேசுகிறார்கள் என்று அம்மா உதட்டசைவைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.) ஆனால் எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்களுக்குப் பழகவில்லை.

எங்கள் பக்கத்தில் நாம் போய்ப் பெண்ணைப் பார்த்துப் பிடித்துப்போனால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. பெண் வீட்டார் ஒரு நல்ல நாளில் மாப்பிள்ளையின் வீட்டைப் பார்க்க வருவார்கள். தண்ணீர் எப்படி, சமையலறை எப்படி, அக்கம்பக்கம் எப்படி என்று பார்த்துத் திருப்தியானால்தான் மேற்கொண்டு பேச்சு. அப்படி வந்த இரண்டு குடும்பத்தினர், "இந்தச் சத்தத்துல எங்க பாப்பா எப்படீங்க இருக்கும்?" என்று மிக மரியாதையாகக் கேட்டுவிட்டு, மிக மரியாதையாக எழுந்து போய்விட்டார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவும் தாய்மாமனும் மாறி மாறி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு இருபத்தொன்பது முடிந்து முப்பது நடந்துகொண்டிருந்தது.

மூன்றாவதாக அமைந்த இடம்தான் சுகன்யா. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு. நாங்கள் பெண் பார்க்கப் போனபோது அப்படியொரு அமைதி, நான் காபி உறிஞ்சிய சத்தம் எனக்கே கேட்டது. தோப்பில் பத்து நிமிடம் பேசிக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்பது நிமிடம் நான் தென்னைமரங்களைப் பற்றிப் பேசினேன். (அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.) பத்தாவது நிமிடத்தில் அவளே கேட்டாள்.

"பாட்டெல்லாம் கேப்பீங்களாங்க?"

"பாட்டுதாங்க எனக்கு உசுரு."

அவள் சிரித்தாள். திரும்பும் வழியில் கிணத்துக்கடவு வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பெண்ணைத் தவிர வேறு யாரும் வேண்டாம். கூடவே லேத்தும் நினைவுக்கு வந்தது. இலை விழுந்தால் கேட்கிற ஊரில் வளர்ந்தவள், லேத்துக்குப் பக்கத்தில் எப்படி வாழ்வாள்? அவள் வீட்டார் அந்தச் சத்தத்தைக் கேட்டால் மூன்றாவது தடவையும் அதே மரியாதை நடக்கும்.

அவர்கள் வருவதாகச் சொன்ன நல்ல நாள் ஒரு புதன்கிழமை, பட்டறை ஓடுகிற நாள். மாமா போய்ப் பட்டறைக்காரரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"ஒரு ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெச்சீங்கன்னா போதுமுங்க."

"சாயங்காலம் லோடு ஏத்தோணுமுங்க. தப்பா எடுத்துக்காதீங்க. காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார் அவர்.

அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. சத்தத்தைப் பாட்டால் மறைத்துவிடலாம். காந்திபுரம் போய், தண்ணீர்க் குடம் அளவுக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். அதற்குச் செலவழித்ததில் நூறில் ஒரு பங்கைச் செயலிக்குக் கட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. புதன்கிழமை காலை கைப்பேசியை ஸ்பீக்கருடன் இணைத்து, மங்களகரமான வீணை இசையைத் தேடினேன். செயலியோ குத்துப்பாட்டாகப் போட்டது. தாண்டித் தாண்டி வீணையைப் பிடிப்பதற்குள் அந்த மணி நேரத்துக்கான தாண்டல் முழுவதும் தீர்ந்துபோயிற்று. வாசலில் கார் வந்து நின்றது.

ஐந்து பேர் வந்திருந்தார்கள். சுகன்யாவின் அப்பா, பெரியம்மா, பிறகு வடையைத் தவிர வேறு எதைப் பற்றியும் கருத்துச் சொல்லாத மூன்று உறவினர்கள். வீணை வீட்டையே தூக்கிக்கொண்டு ஒலித்தது. லேத் இருந்த சுவடே தெரியவில்லை. என்ன, ஒருவருக்கொருவர் கத்திப் பேசவேண்டியிருந்தது.

"பாப்பா சொல்லுச்சுங்க தம்பி, உங்களுக்குப் பாட்டுன்னா உசுருன்னு" என்று கத்தினார் சுகன்யாவின் அப்பா.

"சின்ன வயசுல இருந்தே அப்படித்தானுங்க" என்று பதிலுக்குக் கத்தினாள் அம்மா. (பச்சைப் பொய். சின்ன வயதில் எனக்குக் கிரிக்கெட்தான் உயிர்.)

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்கள். சமையலறையைப் பார்த்தார்கள். மாடியில் துணி காயப்போடும் இடம் பெரியம்மாவுக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். பெரியம்மா சரியாக ஸ்பீக்கருக்குப் பக்கத்து நாற்காலியில். காபி வந்தது. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பொ மேக்கொண்டு..." என்று ஆரம்பித்தார். வீணை நின்றது. தேன் வழிகிற ஒரு பெண் குரல், வீணையைவிட ஓங்கி, கூடம் முழுக்கப் பேசியது.

"ஒரே ஒரு வரனைப் பார்த்தவுடனே சரி என்று சொல்லிவிடுவீர்களா? அவசரம் ஏன்? இதைவிட நல்ல இடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது..."

நான் கைப்பேசி மீது பாய்ந்து ஒலியை அடிமட்டத்துக்குக் குறைத்தேன். குரல் நின்றது. அந்த இடைவெளியில் கிர்ரென்று லேத் உள்ளே வந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது.

"ஏனுங் தம்பி, நிறுத்திப்போட்டீங்க? நல்லாத்தானுங்க இருந்துச்சு. எங்களுக்காகப் பாக்காதீங்க, வெய்யுங்க" என்றார் சுகன்யாவின் அப்பா.

வீட்டுக்கு வந்த பெரியவர், அதுவும் பெண்ணைக் கொடுக்கப் போகிறவர், இத்தனை 'ங்க' போட்டுச் சொன்னபிறகு எங்கள் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். வயிற்றுவலிக்காரன்கூட இன்னொரு வடையை வாங்கிக்கொள்வான். அம்மாவும் பட்டறைப் பக்கத்துச் சுவரைக் கண்ணால் காட்டி, வை வை என்றாள். ஆறு வருடப் பழக்கத்தில் அந்தச் செயலியின் குணம் எனக்கு அத்துப்படி. இருந்தும் அந்த நேரத்தில் மூளை ஓடவில்லை. விளம்பரம் முடிந்திருக்கும் என்று நம்பி ஒலியைக் கூட்டினேன்.

"...பிடிக்காத இடத்துக்குச் சரி சொல்லிவிட்டு வாழ்நாள் முழுக்க வருந்தாதீர்கள். இன்றே தேடுங்கள்."

அதோடு விட்டதா? இதே விளம்பரம் இன்னொரு தடவை, முதலிலிருந்து வந்தது. வடை உறவினர்கள் மூவரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். பெரியம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் தம்பி. என்ற பையன் பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலைல இருக்கறானுங்க. போன்ல நாம எதைத் தேடறமோ, அதைத்தான் அதும் நமக்குக் காட்டுமுன்னு சொல்லுவானுங்க. அப்பொ நீங்க இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கறீங்களாங்க?"

கொங்கு நாட்டில் கோபத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். இந்த மரியாதை ஆபத்தான உயரத்தில் இருந்தது.

அம்மா உதவிக்கு வந்தாள். "அது நான்தானுங்க. மூணு வருசத்துக்கு முன்னால இவன் நம்பரக் குடுத்து வரன் பாக்கற ஆப் ஒண்ணுல பதிஞ்சு வெச்சனுங்க. ஒண்ணும் அமையலீங்க."

"ஒண்ணும் அமையலீங்களா?" என்று கேட்டார் பெரியம்மா. மாமா கண்களை மூடிக்கொண்டார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது. "தேடலீங்க. சத்தியமா தேடலீங்க. காசு கட்டினா இந்த விளம்பரமே வராதுங்க. நான் கட்டறதில்லீங்க" என்றேன்.

"பாட்டுதான் உசுருன்னீங்களாமே?" என்றார் அப்பா.

"உசுருதாங்க. ஆனா காசு குடுத்துக் கேக்கற அளவுக்கு உசுரு இல்லீங்க."

"அப்பறம் எதுக்குங்க இத்தன சத்தமா வெச்சீங்க?"

எழுந்து போய் ஸ்பீக்கரை அணைத்தேன். லேத் தன் முழு வீச்சில் கூடத்துக்குள் நுழைந்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

"இதுக்குத்தானுங்க" என்றேன். "இதை மறைச்சுப்போட்டா நீங்க சரின்னு சொல்லிருவீங்கன்னு நெனச்சனுங்க. தப்புத்தானுங்க. எனக்கு உங்க பொண்ணை ரொம்பப் புடிச்சுப்போச்சுங்க. அவங்கள உட்டுப்போடக் கூடாதுன்னுதானுங்க இப்படிப் பண்ணிப்போட்டேன்."

சுகன்யாவின் அப்பா தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கவனமாகக் கேட்டார். பிறகு பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். தோள்கள் குலுங்கிய விதத்தைப் பார்த்த பிறகுதான் சிரிக்கிறார் என்று புரிந்தது.

"எங்கூட்டுக்குப் பொறத்தால நார் மில்லு இருக்குதுங்க தம்பி" என்றார் அப்பா. "தேங்கா மட்டைய அடிச்சு நார் எடுக்கற மிஷினு. காத்தால ஆறு மணிக்குப் போட்டா, பக்கத்துல நின்னு பேசறது காதுல உழுவாதுங்க. இந்த லேத்தெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லீங்க."

"நாங்க வந்தப்போ சத்தமே கேக்கலீங்களே?"

அப்பா தரையைப் பார்த்தார். பெரியம்மாதான் பதில் சொன்னார். "மில்லுக்காரரு எங்க பங்காளிதானுங்க. நீங்க வந்துட்டுப் போற வரைக்கும் நிறுத்தி வெய்யுங்கன்னு சொல்லிப்போட்டோமுங்க. அதுக்கு முன்னால வந்த மாப்ள ஊட்டுக்காரங்க, இந்தச் சத்தத்துல மாமனார் ஊட்டுக்கு எப்படி வாரதுன்னு கேட்டுப்போட்டுப் போனாங்க."

"பாப்பா பொறந்ததுல இருந்து அந்தச் சத்தத்துலதானுங்க தூங்குது" என்றார் அப்பா. "டவுன்ல அமைதியான ஊடா இருந்தாத் தூக்கம் வராதேன்னு அவங்கம்மாளுக்கு ஒரே கவலைங்க."

அப்போது எனக்கு வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த சுற்று வடை எடுக்கப் போனாள். போகிற போக்கில் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வடை உறவினர்கள் மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார்கள்.

ஆனாலும் பெரியம்மா லேசில் விடுகிறவர் இல்லை. "அதெல்லாம் சரிங்க. பதிஞ்சு வெச்சிருக்கறத இப்பவே என்ற கண்ணு முன்னால அழிச்சுப்போடுங்க" என்றார்.

கடவுச்சொல் அம்மாவுக்கு மறந்துபோயிருந்தது. அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினோம். ஐந்து விருந்தாளிகளும் நாற்காலிகளை இழுத்துப்போட்டு என் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் உள்ளே போனோம். அழிக்கப் போனால், 'எங்களை விட்டு ஏன் விலகுகிறீர்கள்?' என்று கேட்டு நாலைந்து காரணங்களை வரிசையாகக் காட்டியது. எதைத் தொடுவது என்று தெரியாமல் என் விரல் நடுவில் நின்றது. அந்த வரிசையில் எனக்குப் பிடித்த வரி எதுவென்று எனக்குத் தெரியும், ஆனால் அதை நானாகத் தொட முடியாதே. பெரியம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்து படித்தார்.

"இதென்னுங்க, 'திருமணம் நிச்சயமாகிவிட்டது'ன்னு ஒண்ணு இருக்குதுங்களே. அதை அமுத்துங்க தம்பி."

நான் சுகன்யாவின் அப்பாவைப் பார்த்தேன். "அமுத்துங்க மாப்ள" என்றார் அவர்.

இப்படித்தான் என் கல்யாணம் நிச்சயமானது. தலைத் தீபாவளிக்கு மாமனார் நீட்டிய தட்டில் வேட்டி, சட்டை, பழங்களுக்கு நடுவில் ஓர் உறை இருந்தது. அந்தப் பாட்டுச் செயலிக்கு ஒரு வருடச் சந்தா. சுகன்யாவின் ஏற்பாடு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விளம்பரம் கிடையாது. ஆனால் உறவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், "மாப்ள, அந்த வரன் விளம்பரம் எப்படீங்க வரும்?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். மனப்பாடமாக இருப்பதால் நானும் குரலை மாற்றிச் சொல்லிக் காட்டிவிடுகிறேன்.

போன ஆயுத பூஜையன்று பட்டறைக்கு விடுமுறை. லேத்துக்குச் சந்தனமும் பூவும் வைத்துப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த சுகன்யா புரண்டுகொண்டே இருந்தாள்.

"சத்தமே இல்லாம ஒரு மாதிரியா இருக்குதுங்க. தூக்கம் வரமாட்டீங்குது. அந்த வரன் விளம்பரத்தையாவது போடுங்க."

"காசு கட்டிப்போட்டோமே அம்மணி, இனி அது வராது."

"அப்பொ நீங்களே சொல்லுங்க."

எழுந்து உட்கார்ந்து, தேன் வழிய ஆரம்பித்தேன். "ஒரே ஒரு வரனைப் பார்த்தவுடனே சரி என்று சொல்லிவிடுவீர்களா?"

"சொல்லிப்போட்டனேங்க, இனி என்ன பண்றது" என்று முனகிவிட்டு, நான் 'அவசரம் ஏன்' என்பதற்குள் அவள் தூங்கிப்போனாள்.