பெல்ட் அக்கா தொங்கவிட்ட பை

"பை நிக்கும் அம்மிணி. இந்தக் கைப்பிடிய நம்பி லேப்டாப்ப வெச்சீன்னா, நீ பஸ்ல இருப்பே, லேப்டாப் ரோட்டுல இருக்கும்."

அம்மா பின்னி அனுப்பிய வயர் பையைப் பார்த்து பெல்ட் அக்கா சொன்ன முதல் வார்த்தை இது. புனேயில் அவர் கண்ணில் பட்ட எந்தப் பையும் பிறந்தபோது இருந்த வாரோடு தப்பித்ததில்லை. பை செய்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் பசி வந்ததும் ஏதோ ஒரு வாரை ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுகிறார்கள் என்பது அவருடைய திடமான கருத்து.

வாகட் பகுதியில் நாங்கள் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் அவருடைய உண்மையான பெயர் ஆதார் அட்டைக்கு மட்டுமே பயன்பட்டது. கோயம்புத்தூர்க்காரர். சிஞ்ச்வடில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. பகலெல்லாம் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார். அறைக்கு வந்த பிறகும் கை நிற்காது.

அவருடைய சாப்பாட்டுப் பைக்கு நாய்ப் பட்டையை வாராகப் போட்டிருந்தார். அதிலிருந்த மணியைக் கழற்றவில்லை. மத்தியானம் அவர் கேன்டீனுக்குள் வருவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

விடுதியின் உரிமையாளரை நாங்கள் மராத்தி வழக்கப்படி காக்கூ, அதாவது சித்தி, என்று அழைப்போம். காக்கூவின் காய்கறிப் பைக்கு, பழைய கார் உடைக்கும் கடையிலிருந்து வாங்கிய சீட் பெல்ட்டைக் கொக்கியோடு மாட்டிக்கொடுத்தார் அக்கா. காக்கூ அதைக் குறுக்காகப் போட்டு 'க்ளிக்' என்று பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். திரும்பி வந்தவரால் கழற்ற முடியவில்லை. அக்கா வேலை முடிந்து வரும்வரை, கத்தரிக்காயை இடுப்பில் சுமந்தபடியே அடுப்படியில் நின்று சப்பாத்தி போட்டார். அக்கா வந்து கொக்கியைப் பார்த்துவிட்டு, "பூட்டு நல்லா வேலை செய்யுது" என்று மட்டும் சொன்னார்.

ஒருமுறை மாப்பிள்ளை ஒருவர் அக்காவைப் பார்க்க வந்தார். பேசிவிட்டு வந்த அக்காவிடம் மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன். "தோள்ல மாட்டியிருந்த பை வாருல ஒத்தத் தையல். அவருக்கே அது தெரியலீங்கறேன்." அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

இந்த அக்காவின் கையில்தான் என் பை சிக்கியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை யாராவது கேட்கட்டும் என்று நான் காத்திருப்பதில்லை, நானே சொல்லிவிடுவேன். அம்மா சாத்தூரில் தீப்பெட்டி ஒட்டுகிறாள். லேப்டாப்பை அவள் தொட்டதில்லை. போனில் அளவு கேட்டாள். ஒன்றேமுக்கால் சாண் என்றேன். "ஒன் சாணா, என் சாணா?" என்று கேட்டு, என் சாணைத் தன் சாணுக்கு மாற்றிப் பின்னினாள். லேப்டாப் உறையில் போட்டதுபோல உள்ளே போய் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை நான் புதிய புராஜெக்ட்டில் சேர வேண்டும். அந்தப் பையோடு நான் ஆபீஸுக்கு பஸ் ஏறுவதை வீடியோவில் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஆபீஸ் இருக்கும் ஹிஞ்சவடிக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் போக வேண்டும். ஒரு கை கம்பிக்கு, ஒரு கை டிக்கெட்டுக்கும் போனுக்கும். பையைத் தூக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? தோளில் மாட்ட வார் வேண்டும். அதற்காக அம்மா பின்னிய கைப்பிடியில் ஒரு வயரைக்கூட வெட்ட நான் சம்மதிக்க மாட்டேன்.

"வெட்ட மாட்டேன். கைப்பிடி சும்மா அழகுக்கு இருக்கட்டும்" என்றார் அக்கா. குறுகலான வார் வயரை அறுக்கும், அகலமான துணி வார்தான் வேண்டும் என்று தேடினார். சனிக்கிழமை காலை மொட்டைமாடியிலிருந்து காவி நிறப் பருத்திப் பட்டை ஒன்றோடு இறங்கி வந்தார். அதைப் பின்னலுக்குள் நுழைத்து, பையின் அடிவழியாகச் சுற்றி, மறுபக்கம் ஏற்றித் தைத்தார். பாரம் பையில் இல்லை, பட்டையில். பிறகு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, உள்ளே தண்ணீர் நிறைத்த குக்கரையும் இஸ்திரிப் பெட்டியையும் வைத்தார். இரண்டு நாள் எங்களுக்குச் சாதமும் இல்லை, தேய்த்த துணியும் இல்லை.

திங்கட்கிழமை பஸ் நிறுத்தத்தில் அம்மாவை வீடியோவில் அழைத்து, பையைத் தோளில் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது காக்கூவின் மகள் சயீ ஸ்கூட்டரில் வந்து நின்றாள். கணபதி ஊர்வலத்தில் டோல் அடிக்கும் குழுவில் இருப்பவள். அந்தப் பெரிய மேளத்தை இடுப்பில் கட்டுகிற பட்டையைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருக்கிறாள். அதைத்தான் நான் தோளில் மாட்டியிருக்கிறேன். மாலையில் ஒத்திகை, இப்போதே வேண்டும் என்று இந்தியில் சொல்லி, பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் பஸ் தெரிந்தது.

"யாருடி அது, பையைப் புடிச்சு இழுக்கிறது?" என்றாள் அம்மா போனுக்குள்ளிருந்து.

சிஞ்ச்வட் போக அதே நிறுத்தத்துக்கு வந்த அக்கா நிலவரத்தைப் பார்த்தார். கொடியில் காய்ந்ததை வேண்டாத பட்டை என்று நினைத்துவிட்டதாகச் சயீயிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் இதைவிடத் திடமான ஒன்றைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். சயீ யோசித்தாள். காக்கூவும் கத்தரிக்காயும் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அந்தப் பூட்டு எப்படியும் அவிழாது. முனையை விட்டாள்.

அக்கா என் போனை வாங்கினார். "அம்மா, வணக்கமுங்க. கைப்பிடில நான் கையே வெக்கலீங்க."

"கைப்பிடி கெடக்கட்டும். பாரம் தாங்குமா?"

"ரெண்டு நாளு குக்கரத் தொங்கவுட்டுப் பாத்தனுங்க."

"மூணா நாளும் பாத்திருக்கலாம்ல?"

பெல்ட் அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு, வாரின் தையலை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பஸ் ஏறி நான் திரும்பிப் பார்த்தபோது விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பை தாங்கியது. இன்றுவரை தாங்குகிறது. சயீயின் டோல் அந்த வருடம் சீட் பெல்ட்டில் ஊர்வலம் போனது. வழியெல்லாம் மற்றவர்கள் நின்று நின்று பட்டையை இறுக்க, அவள் மட்டும் அடித்துக்கொண்டே போனாள். மறுநாள் அந்தக் குழுவே மேளங்களோடு விடுதி வாசலில் நின்றது. அக்கா ஒவ்வொரு மேளத்தையும் தொங்கவிட இடம் தேடினார்.

போன மாதம் அவரைக் குஜராத் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் கம்பி இப்போது வெறும் ஜன்னல் கம்பியாக இருக்கிறது.

அம்மாவிடம் இன்னொரு பை பின்னச் சொன்னேன். கைப்பிடி போடாதே என்றேன். மொட்டையாகவா அனுப்புவது என்று அவள் சண்டை போட்டாள். பிறகு யாருக்கு என்று தெரிந்ததும் பின்னி அனுப்பினாள். நேற்று கூரியர்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எப்படித் தூக்குவது என்று கேட்டார்.

அது தெரிந்தவருக்குத்தான் போகிறது என்று சொல்லி, குஜராத் முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.