மேட்டில் நிற்காமல் போனது குறித்து மாப்பிள்ளைக்கு

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மச்சான் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் உங்கள் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம். அவ்விடம் நீங்களும் என் தங்கச்சியும் உங்கள் சைக்கிளும் சௌக்கியமா? சைக்கிளைத் தனியாக விசாரிக்கிறேனே என்று கோபப்பட வேண்டாம். பதினொரு மாதமாக அது மாடிப்படிக்கு அடியில் கொக்கியில் தொங்குகிறது, ஹேண்டில்பாரில் துண்டு காயப்போடுகிறோம் என்று தங்கச்சி சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இறங்குகிறது, பொய் சொல்வானேன். ஆனால் முன்போல் ருசிக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி இருப்பவருக்குத் தபாலில் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆச்சு என்று நீங்கள் நினைக்கலாம். போன் போட்டால் நீங்கள் எடுப்பதில்லை. உங்கள் கண்ணாடிக் கடைக்கு நேரில் வந்தால், என்னைப் பார்த்ததும், "சாருக்குப் பவர் செக் பண்ணி அனுப்பும்மா" என்று கவுண்ட்டரில் இருக்கிற அம்மாவிடம் சொல்லிவிட்டு லென்ஸ் தேய்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். அந்த அம்மாவும் கடமை தவறாதவர். மூன்று தடவை வந்தேன், மூன்று கண்ணாடி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். நாலாவது தடவை அவரே, "சார், உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. எது சரியில்லையோ அதைப் போய்ச் சரி பண்ணுங்க" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நம் சைக்கிள் குழு வழக்கம்போலப் படம் போட்டது. உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் ஒரு தடவை முதலிலிருந்து சொல்லிக்கொண்டால்தான் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வரும். முப்பது வருஷம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான், பழைய ரீடிங்கைப் பார்க்காமல் புதிய ரீடிங் எழுத வராது. அது கறுப்பு வெள்ளைப் படம். எந்த நாட்டுப் படம் என்று நமக்குத் தெரியாது, எந்த மொழி என்றும் தெரியாது. ரொட்டிக்கடைக்காரரிடம் இருந்த கேசட்டை யாரோ டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தபோது படம் வந்தது, சத்தம் வரவில்லை. புரியாத மொழிக்குச் சத்தம் எதற்கு என்று விட்டுவிட்டோம். நீங்கள்தான் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து, மீதியை உங்கள் கற்பனையில் நிரப்பி, நாற்பது பக்க நோட்டில் வசனம் எழுதினீர்கள். ரொட்டிக்கடை மாடியில் மாவு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு, ஜன்னலுக்குச் சாக்கு கட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக நாமே வசனம் பேசிப் பார்க்கிற படம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை, பத்தொன்பது வருஷம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த்தொட்டி மேடு ஏறுவது, முதலில் ஏறுகிறவருக்குப் பரிசு. இதுதான் நம் வழக்கம்.

படத்தில் மலையேறுகிற பந்தயம். இரண்டு தபால்காரர்கள், கூட்டாளிகள். முதலில் போகிறவனுக்கு நான் குரல். பின்னால் வருகிறவனுக்கு நீங்கள். பின்னால் வருகிறவனுக்கு நடு மேட்டில் செயின் அறுந்துவிடும். "கூட்டாளி, நில்லு!" என்பான். முன்னால் போகிறவன் நிற்பான், திரும்பிப் பார்ப்பான், அப்புறம் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கி வருவான். "இதோ வந்துட்டேன், எங்க போயிடப் போறேன்" என்பது என் வசனம். இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே மேலே போய்ச் சேரும்போது பந்தயம் முடிந்து தோரணத்தைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் கதை. அவன் நிஜத்தில், 'ஸ்பானர் எடுத்து வந்தியா' என்றுகூடக் கேட்டிருக்கலாம் என்பார் நம் பல் டாக்டர். இருக்கட்டும். நமக்கு நீங்கள் எழுதினதுதான் வசனம்.

"அதே படத்தை எத்தனை தடவைதான் பார்ப்பீங்க? அந்தாளு இந்த வருஷமாவது திரும்பாம போயிடுவான்னு பயமா?" என்று உங்கள் அக்கா வருஷா வருஷம் கேட்பாள். ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறோம். முன்னால் போகிறவன் கால்சட்டைக்குக் கிளிப் போடுகிற அழகுக்காக வருகிறேன் என்பார் தையல்காரர். அவனுக்கு மேல்வரிசையில் ஒரு பல் கிடையாது, அதைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கிறது என்பார் பல் டாக்டர். நிஜமான காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மேட்டில் ஏறிக்கொண்டிருப்பவன் பாதியில் நின்றால் மறுபடி கிளம்புவது என்ன பாடு என்பது சைக்கிள் மிதித்தவனுக்கு மட்டும்தான் தெரியும். தொடை அப்படியே கல்லாகிவிடும், மூச்சு தன் இஷ்டத்துக்குப் போகும், அதுவரைக்கும் ஏறினது முழுக்கத் தண்டம். மற்றவர்கள் அந்தக் காட்சியில் கொட்டாவி விடுவார்கள். நாமோ தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வோம். ஒருத்தன் அத்தனையையும் விட்டுவிட்டுத் திரும்புகிறான். நாமும் திரும்புவோம் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவதற்குத்தான் அந்தப் படம். நான் பத்தொன்பது வருஷம் நம்பினேன், மாப்பிள்ளை.

சரி, போன வருஷத்து விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு எல்லாம் கோணலாகத்தான் ஆரம்பித்தது. பதினொரு தடவை முதலில் ஏறின பல் டாக்டருக்கு அடிவாரத்திலேயே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து, தன்னிடம் பல் பிடுங்க வந்தவர்கள் போட்ட கூச்சலையெல்லாம் சேர்த்து அவரே போட்டார். ரொட்டிக்கடைக்காரர் தன் வேனில் அவரை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். தையல்காரர் பரிசோடு முன்கூட்டியே மேலே போய்விட்டார். ஆக, ரோட்டில் மிச்சம் நீங்களும் நானும். என் முன்னால் யாரும் இல்லை. மாப்பிள்ளை, அறுபது வயதில் முதல் தடவையாக என் முன்னால் யாருடைய முதுகும் இல்லை. எனக்கு அந்த ரோடே புதுசாகத் தெரிந்தது. அப்போது மழை பிடித்துக்கொண்டது, எதிர்க்காற்று வேறு, மழைக்கோட்டின் தொப்பி காதில் படபடவென்று அடிக்கிறது, இதில் நீங்கள் மணி அடித்தால் எனக்கு எப்படிக் கேட்கும்? கேட்கவில்லை. இதற்காகவே காது டாக்டரிடம் போய்ப் பரிசோதித்து வந்தேன். இடது காதில் அழுக்கு அடைத்திருந்தது என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். சீட்டில் தேதி அந்த நாளுக்குப் பின்னால் இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், அழுக்கு ஒரு நாளில் சேருகிற சமாச்சாரமா?

கேட்கவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஏதோ கூப்பிடுகிற மாதிரி லேசாகக் காதில் விழுந்தது. ஆனால் நீங்கள் படத்து வசனத்தை எடுத்துவிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாம் மேடு கண்ட இடத்திலெல்லாம் "கூட்டாளி, நில்லு!" என்று விளையாட்டாகக் கத்துகிறவர்கள்தானே? அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே மிதித்துவிட்டேன். இதைத் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "கேக்கவே இல்லைன்னு போன வாரம் சொன்னே. இப்ப விளையாட்டுன்னு நினைச்சேங்கறே. ரெண்டுல ஏதாவது ஒண்ணைச் சொல்லுண்ணே, நான் போய் அவர்கிட்ட ஒண்ணைத்தான் சொல்ல முடியும்" என்றாள். என் கூடப் பிறந்தவள் அவள். ஆனால் இந்த விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம்.

மேலே போனதும் தையல்காரர் பரிசைக் கொடுத்தார். ஹெல்மெட். என் தலைக்கு இரண்டு சைஸ் சின்னது. உச்சந்தலையில் கிண்ணம் கவிழ்த்த மாதிரி வைத்துக்கொண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். "மாப்பிள்ளை எங்க?" என்று அவர் கேட்டார். "பின்னாலதான் வர்றாரு" என்றேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார். "மழைக்கு எங்கயாவது ஒதுங்கியிருப்பாரு" என்றேன். இறங்கிப் பார்ப்போமா என்றார். மழை விடட்டுமே என்றேன். மழை விட்டது. நான் இறங்கவில்லை. ஒரு மணி பத்து நிமிஷம் கழித்து நீங்கள் வளைவில் தெரிந்தீர்கள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, அறுந்த செயினைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு, நாலு கிலோமீட்டர் தனியாகத் தள்ளிக்கொண்டு வந்தீர்கள். திட்டுவீர்கள் என்று நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என் தலையில் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்து, "பொருந்தலையே மச்சான்" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்கு அப்புறம் என்னிடம் நீங்கள் பேசவில்லை. அந்த ஹெல்மெட் இப்போது எங்கள் வீட்டில் வெங்காயம் போட்டு வைக்கிற கூடையாக இருக்கிறது. வெங்காயத்துக்குப் பொருந்துகிறது.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். உங்கள் நாற்காலியைப் போட்டு வைத்திருந்தோம். நோட்டு ரொட்டிக்கடைக்காரர் கையில். உங்கள் வசனத்தை அவர் படித்தார். நேற்று வாங்கின ரொட்டி காய்ந்துபோச்சு என்று சண்டைக்கு வந்தவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. பல் டாக்டர் வாங்கிப் படித்தார். வலிக்காது, வலிக்காது என்று சொல்கிற குரல், யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. கடைசியில் செயின் அறுகிற இடம் வந்தபோது நோட்டு எங்கேயோ கைமாறிப் போய்விட்டது. திரையில் அந்த மனுஷன் வாயைத் திறந்து கூப்பிடுகிறான். கூப்பிடுகிறான், சத்தமே இல்லை. மாவு மூட்டைக்கு நடுவே இருந்த அத்தனை பேரும் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். முன்னால் போனவன் திரும்பினான். கீழே இறங்கி வந்தான். அவன் உதடு அசைகிறது, நான் பேச வேண்டும். பத்தொன்பது வருஷம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் அந்த வசனத்தை. எனக்கு வாய் வரவில்லை, மாப்பிள்ளை. இப்படி ஒருத்தனுக்கு நான் எந்த முகத்தோடு குரல் கொடுப்பது? தையல்காரர் எழுந்துபோய் விளக்கைப் போட்டார். படம் பாதியிலேயே நின்றது. மறுநாள் யாரும் மேடு ஏறவில்லை. ரொட்டிக்கடைக்காரர் தலைக்கு ஒரு ரொட்டி கொடுத்து அனுப்பினார், துக்க வீட்டிலிருந்து போகிற மாதிரி போனோம்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போடுகிறார்கள். நான் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வந்தால் போதும் என்று அவர்கள் சொன்னதைத் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கு ஒரு யோசனை. பாத்திரத்தை மாற்றிக்கொள்வோம். திரும்பி வருகிறவனுக்கு நீங்கள் குரல் கொடுங்கள், அது உங்களுக்குத்தான் சேர வேண்டியது. எனக்குச் செயின் அறுந்தவன் போதும். கூப்பிடுவது எப்படி இருக்கும் என்று நானும் ஒரு தடவை தெரிந்துகொள்கிறேன். புதுச் செயின் ஒன்று வாங்கி எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அதை மாட்டிவிட நானே வருகிறேன். துண்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம். உங்களுக்கும் ஆசீர்வாதம் செய்ய எனக்கு வயது இருக்கிறது, யோக்கியதை இருக்கிறதா என்று தெரியாததால் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் நூறு வருஷம் நோய் நொடியில்லாமல், செயின் அறாமல், நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: ஒட்டின கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். காது டாக்டர் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அழுக்கை எடுப்பதற்கு முன்னாலேயே எனக்கு நன்றாகத்தான் கேட்டது என்று அவர் வாயால் சொன்னதை நான் எழுதி வாங்கவில்லை. அன்றைக்குக் காற்றும் அவ்வளவு இல்லை. மூன்று தடவை மணி அடித்தீர்கள், மூன்றும் கேட்டது. அப்புறம் நீங்கள் கூப்பிட்டதும் கேட்டது. அது வசனம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். நோட்டில் இருப்பது "கூட்டாளி, நில்லு." நீங்கள் அன்றைக்குக் கூப்பிட்டது, "மச்சான், நில்லுங்க." அந்தப் படத்தில் மச்சான் யாரும் கிடையாது, மாப்பிள்ளை.