ஒரு நாளைக்குப் பதினெட்டு அழைப்பு

மேதைமைக்கு விலையே கிடையாது என்பார்கள். எங்கள் நிறுவனத்தில் அதற்கும் விலை போட்டிருக்கிறோம்: விடுப்பில் ஒரு நாளைக்குப் பதினெட்டு தொலைபேசி அழைப்புகள். பேரத்துக்கு இடமில்லை. விடுப்பில் போனவரை அலுவலகம் எத்தனை முறை கூப்பிடுகிறதோ, அவ்வளவுக்கு அவர் "இன்றியமையாதவர்". இதற்கென்றே ஒரு பதிவேட்டைக் கண்டுபிடித்த பெருமை, மேலாளராகிய என்னைச் சேரும். இந்த ஆண்டு குழுத் தலைமைப் பதவி யாருக்கு என்பதையும் அதுதான் சொல்ல வேண்டும்.

கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எங்களுடையது. அதில் தள்ளுபடிக் கணக்கை எழுதியவரை "மேதை" என்போம். பத்து சதவீதம் கழிக்க மூவாயிரம் வரி எழுதியவரை வேறென்ன சொல்வது? அண்ணன் கல்யாணத்துக்கு அவர் இரண்டு நாள் போனார். தள்ளுபடி படுத்துவிட்டது.

"நானூறாவது வரிய மட்டும் தொட்டுறாதீங்க!" என்று கல்யாணக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து போனில் அலறினார்.

"ஏன் சார்?" என்றார் இங்கிருந்து கூப்பிட்டவர்.

"எனக்கே தெரியாது. தொடாதீங்க!"

இரண்டு நாளில் முப்பத்தாறு அழைப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ரசீது அச்சாகும் பகுதியை எழுதியவள் "சிக்கனம்". மொத்தமே நூற்றிருபது வரி. தெரியாத்தனமாக அதை ஒருநாள் திறந்து பார்த்துவிட்டேன்.

"என்னம்மா இது? எனக்கே புரியுதே!"

"புரியணும்னுதான் சார் அப்படி எழுதினேன்."

"எல்லாருக்கும் புரிஞ்சுட்டா அப்புறம் உன்னை யாரு தேடுவாங்க?"

"தேடவே வேணாம் சார். லீவுல நிம்மதியா தூங்கினா போதும்."

பத்து நாள் தூங்கினாள். அதற்குள் ரசீதின் வடிவமே மாற வேண்டி வந்தது. பக்கத்து மேசைக்காரர் அவள் எழுதியதைப் படித்தார், மாற்றினார், டீ குடிக்கப் போனார். எவ்வளவு பெரிய அவமானம்!

பதவியைத் தீர்மானிக்கும் கூட்டம் வந்தது. ஏழு வருடமாக அந்தப் பதவிக்காகக் காத்திருந்த சிக்கனம் எதிரே உட்கார்ந்திருந்தாள். நிறுவனத் தலைவரிடம் நான் நடுநிலையோடு சொன்னேன்:

"பத்து நாள் இந்தம்மா இல்லாததே யாருக்கும் தெரியல சார். அப்ப இருந்தப்ப என்னதான் செஞ்சாங்க?"

சிக்கனம் என் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் நீங்க பதினாலு நாள் லீவு. உங்களுக்கு எத்தனை போன் சார் வந்துச்சு?"

யாரோ இருமினார்கள். தலைவர் கையை நீட்டிப் பதிவேட்டை வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு நீதி பார்க்காத மனிதர். நிதானமாகப் படித்து, தன் கைப்படவே தீர்ப்பெழுதினார்:

மேதை: இரண்டு நாள், அழைப்பு 36. இன்றியமையாதவர். பதவி இவருக்கே.

சிக்கனம்: பத்து நாள், அழைப்பு 0. இப்படி ஒரு வேலை தேவையா என்று பரிசீலிக்கவும்.

மேலாளர்: பதினான்கு நாள், அழைப்பு 0. சீரான நிர்வாகம். ஊக்கத்தொகை வழங்கவும்.